உள இயக்கவியல் உளச்சிகிச்சைப் பயிற்சி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் மனநலத்துறையில் பணியாற்றுகிறவர்கள் உள இயக்கவியல் உளச்சிகிச்சையைக் கற்க விரும்பும்போது எழுப்பும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மனநல வைத்திய அதிகாரிகள், தாதியர், பிரதேச செயலகங்களில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தர்கள், சமூகப் பணியாளர்கள், உளவியல் பட்டதாரிகள் ஆகியோரை மனத்தில் வைத்தே பதில்களை எழுதினேன். இடையில் வரும் நோயாளர் உதாரணங்கள் கற்பனையானவை.

இது எந்த வகையான சிகிச்சை?

ஒருவர் வாழ்க்கையில் ஒரே முடிச்சில் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்கிறார் என்றால், அந்த முடிச்சு எங்கே விழுந்தது என்பதைச் சிகிச்சையாளரும் அவரும் சேர்ந்து தேடும் முறை இது. நாம் அறிந்த காரணங்களுக்கு அடியில் நாம் அறியாத காரணங்களும் இருந்து நம்மை நடத்துகின்றன என்பதே இதன் அடித்தளம். 1895இல் ஜோசப் பிரோயரும் சிக்மண்ட் பிராய்டும் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகளிலிருந்து இந்த மரபு வளர்ந்தது. பின்னர் மெலனி கிளைன், டொனால்ட் வினிகொட், ஜோன் போல்பி போன்றவர்கள் அதைக் குழந்தைப் பருவ உறவுகளின் பக்கம் திருப்பினார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உப்புவெளியில் ஓர் இளைஞர். எந்த மேலதிகாரி வந்தாலும் சில மாதங்களில் அவரோடு முரண்பட்டு வேலையை விட்டுவிடுகிறார். கோபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதனாலும் பயன் உண்டு. உள இயக்கவியல் முறையில் வேலை செய்பவர் இன்னொன்றையும் கவனிப்பார். அந்த இளைஞர் தன்னிடமும் மெல்ல மெல்ல அதே சிடுசிடுப்போடு பேசத் தொடங்குகிறாரா? தகப்பனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாரா? கோபத்தின் அடியில் இருப்பது, விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயமா? இன்றைய மேலதிகாரி, அன்றைய தகப்பன், இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர் ஆகிய மூவருக்கும் இடையே ஓடும் ஒரே கோட்டைக் காண்பதை உளச்சிகிச்சையாளர் டேவிட் மாலன் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். பயிற்சியின் முதல் மாதங்களிலேயே அந்த முக்கோணம் கைக்குப் பழகிவிட வேண்டும்.

வழக்கமாக வாரத்துக்கு ஓர் அமர்வு, 50 நிமிடம். அதே நாள், அதே நேரம், அதே அறை. நீண்டகாலச் சிகிச்சை ஓராண்டுக்கு மேல் போகும். 16 அமர்வுகளில் முடியும் குறுகிய வடிவங்களும் இருக்கின்றன.

உளப்பகுப்பாய்வும் இதுவும் ஒன்றா?

தாயும் பிள்ளையும் போல. உளப்பகுப்பாய்வில் நோயாளர் சாய்மனையில் படுத்திருக்க, வாரத்துக்கு நான்கைந்து அமர்வுகள் நடக்கும். இங்கே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அமர்வுகளில் பேசுகிறார்கள். கோட்பாட்டின் வேர் இரண்டுக்கும் பொது.

பயிற்சியில் என்னென்ன அடங்கும்?

1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐற்றிங்கோனும் அவருடைய சகாக்களும் உளப்பகுப்பாய்வுக்கான ஒரு சிகிச்சை நிலையத்தைத் திறந்தார்கள். அங்கு உருவான பயிற்சி அமைப்பே சிறு மாற்றங்களோடு இன்றும் உலகெங்கும் நிலைத்திருக்கிறது. அதற்கு மூன்று பகுதிகள் உண்டு: கோட்பாட்டு வகுப்புகள், மேற்பார்வையின் கீழ் நோயாளரைப் பார்த்தல், பயிற்சி பெறுபவர் தானே சிகிச்சைக்கு உட்படுதல்.

மூன்றில் எதைத் தள்ளிவைக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். வகுப்புகளைக் கொஞ்சம் குறைத்தால் பெரிய நட்டமில்லை, ஆர்வமுள்ளவர் படித்துக்கொள்வார். மேற்பார்வையைக் குறைத்தால் பயிற்சியே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு நோயாளரோடு நடந்த உரையாடலை, நினைவில் நின்ற வரையில் வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டு வந்து அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'இந்த இடத்தில் அவர் அழத் தொடங்கியபோது நீங்கள் ஏன் மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள்?' என்று மேற்பார்வையாளர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இருக்காது.

மூன்று நாள் அல்லது ஐந்து நாள் செயலமர்வு போதாதா?

போதாது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்த பிறகு இந்தக் கரையோரம் எத்தனை உளசமூகச் செயலமர்வுகளைக் கண்டது என்பது இங்கே வேலை செய்த எவருக்கும் தெரியும். நல்ல மனத்தோடு வந்து நல்ல விடயங்களைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களில் நிறைய. ஆனால் பயிற்றுநர் விமானம் ஏறிப் போன மறுவாரம், பயிற்சி பெற்ற இளம்பெண் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்த கேள்விகள் சில நிமிடங்களில் தீர்ந்துபோயின. அதற்குப் பிறகு அவளைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. உதவி செய்யப் போனவர்கள் களைத்து, சிலர் நோயுற்று, இந்தத் துறையையே விட்டுப் போனார்கள். இனி ஒரு பயிற்சி இந்த மாவட்டத்துக்கு வருமானால், மேற்பார்வையாளர் எத்தனை ஆண்டு கூட இருப்பார் என்பதையே முதலில் கேளுங்கள். பாடத்திட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செயலமர்வுக்கும் ஒரு பயன் உண்டு: இந்தச் சிகிச்சை தனக்கு ஒத்துவருமா என்று ஒருவர் முகர்ந்து பார்க்க அது உதவும்.

நான் ஏன் சிகிச்சைக்குப் போக வேண்டும்? எனக்கு நோய் ஒன்றும் இல்லையே.

இந்தச் சிகிச்சையில் கருவி நீங்கள்தான். நோயாளர் சொல்வதைக் கேட்கும்போது உங்களுக்குள் எழும் சலிப்பு, பாசம், எரிச்சல், தூக்கம் எல்லாமே தகவல்கள். 1950இல் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் இதைத் தெளிவாக எழுதினார்: சிகிச்சையாளருக்குள் எழும் உணர்வு வெறும் இடையூறு அன்று, நோயாளரின் மனத்தை அறிய உதவும் வழி. ஆனால் அந்த உணர்வில் எவ்வளவு நோயாளரிடமிருந்து வந்தது, எவ்வளவு உங்கள் பழைய கணக்கு என்பதைப் பிரித்தறிய வேண்டுமே. உங்கள் கணக்கை ஒருமுறையாவது முழுதாகத் திறந்து பார்த்திருந்தால்தான் அது முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. தன் வெட்கத்தை இன்னொருவர் முன்னால் சொல்ல வாய் எழாமல் தவிப்பது எப்படிப்பட்டது என்பதை, தவித்தவரே அறிவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நோயாளரை 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பெழுதும் பழக்கம் போய்விடும்.

திருகோணமலையில் எனக்கென ஒரு சிகிச்சையாளரை எங்கே தேடுவது?

இது உண்மையான சிக்கல். இந்த ஊரில் மனநலத்துறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சக ஊழியரிடமோ மேற்பார்வையாளரிடமோ தனிப்பட்ட சிகிச்சைக்குப் போகக் கூடாது. அந்த விதியில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். வாரந்தோறும் இரவு ரயிலில் போய்வருவது எவருக்கும் இயலாது.

காணொளி வழியாகச் சிகிச்சை பெறுவதே நடைமுறைக்கு ஏற்றது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அமெரிக்காவிலிருந்த உளப்பகுப்பாய்வாளர்கள் சீனாவிலிருந்த மனநலப் பணியாளர்களுக்கு வகுப்பு, மேற்பார்வை, தனிச்சிகிச்சை மூன்றையும் இணையம் வழியாக வழங்கத் தொடங்கிவிட்டார்கள். தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் சென்னையிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். லண்டனில் பிற்பகல் மூன்று மணி என்றால் இங்கே இரவு ஏழரை அல்லது எட்டரை. வேலை முடிந்து வீடு வந்த நேரம். வீட்டில் தனியறை இல்லாதவர், அலுவலகம் மூடிய பின் அங்கேயே ஓர் அறையைக் கேட்டுப் பெறலாம். யாரோ கதவுக்கு வெளியே கேட்கிறார்கள் என்ற எண்ணத்தோடு பேசும் அமர்வு வீண்.

சிகிச்சை உங்கள் தாய்மொழியில் நடக்கட்டும். ஆங்கிலத்தில் எவ்வளவு சரளமானவராயினும், அம்மாவோடு சண்டை போட்டது தமிழில்தானே.

நானே போரில் உறவுகளை இழந்தவன். நான் இதற்குத் தகுதியானவனா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தயங்கித் தயங்கி, எல்லாரும் எழுந்து போன பிறகு வருகிறது. இந்த மாவட்டத்தில் 2006இல் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. சம்பூரிலிருந்து சனம் இடம்பெயர்ந்தது, மூதூரிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் நடந்து வெளியேறியது, மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டது எல்லாம் ஒரே ஆண்டில். இழப்பில்லாத ஒருவரை மட்டும் பயிற்சிக்கு எடுப்பது என்றால் இங்கே வகுப்பே நடத்த முடியாது.

இழந்தவர் இன்னொருவரின் இழப்பைக் கேட்கலாம். ஆனால் இரண்டு விதமான வழுக்கல்கள் காத்திருக்கின்றன. ஒன்று, 'எனக்கும் இதுதான் நடந்தது, எனக்குத் தெரியும்' என்ற எண்ணம். அது வந்த கணமே கேட்பது நின்றுவிடும். நோயாளரின் அண்ணன் உங்கள் அண்ணனாக மாறிவிடுவார். மற்றது அதற்கு நேரெதிர்: வலிக்கும் இடம் நெருங்கும்போது உங்களை அறியாமலே பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிடுவீர்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டுத்திட்டப் பணம் வந்ததா என்று கேட்பீர்கள். நோயாளரும் உங்கள் முகத்தைப் பார்த்து, இவரால் தாங்க முடியாது என்று புரிந்து, உங்களைக் காப்பாற்றுவதற்காகவே அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டுவிடுவார். துன்பப்பட்டவர்கள் மற்றவர் முகத்தை வாசிப்பதில் மிகக் கூர்மையானவர்கள்.

இந்த இரண்டையும் உங்களால் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. மேற்பார்வை அறையில்தான் அது தெரியவரும். ஆகவே உங்கள் இழப்பு உங்களைத் தகுதியற்றவராக்காது. மேற்பார்வை இல்லாத வேலையைத்தான் அது ஆபத்தாக்கும். துயரம் மிகப் புதியதென்றால், உதாரணமாக இந்த ஆண்டுதான் ஒருவரை இழந்திருந்தால், நோயாளரைப் பார்க்கத் தொடங்குவதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். வகுப்புகளுக்கு வரலாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு இந்த முறையில் வேலை செய்யலாமா?

செய்யலாம். ஆனால் இழவுத் துயரத்துக்குப் படித்த எதையும் அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார்: ஆள் இல்லை, இறந்ததற்கு அடையாளமும் இல்லை. செத்தவீடு இல்லை, எட்டு இல்லை, முப்பத்தொன்று இல்லை, ஆண்டுத் திவசமும் இல்லை. கணவனைத் தேடும் ஒரு மனைவிக்குப் பொட்டு வைப்பதா விடுவதா என்பதே முடிவில்லாத கேள்வியாகிவிடுகிறது.

பயிற்சி பெறுகிறவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, மகனைத் தேடும் ஒரு தாயை 'ஏற்றுக்கொள்ள' வைக்க முயல்வது. மகன் திரும்பி வருவான் என்று அவர் சோறு எடுத்து வைக்கிறார் என்றால் அதை யதார்த்த மறுப்பு என்று பெயரிட்டு உடைக்கப் போகக் கூடாது. நம்பிக்கையை விடுவது அவருக்கு மகனைத் தன் கையாலேயே கொல்வது போன்றது. தேடுவது அவருடைய உரிமை; விடை சொல்ல வேண்டியது அரசின் கடமை. அந்த நியாயத்தைச் சிகிச்சை அறைக்குள் நோயாகச் சுருக்குவதற்கு நாம் துணைபோகக் கூடாது. நாம் செய்யக்கூடியது, இரண்டு எண்ணங்களும் ஒரே நேரத்தில் இருக்க இடம் கொடுப்பது. அவன் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அதற்கிடையில் இந்த வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கோபம் பல குடும்பங்களில் பேசப்படாமலே கிடக்கிறது. அம்மா காணாமல் போன அண்ணனோடு வாழ்கிறார், தங்களோடு அல்ல என்ற கோபம் அது.

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டு பேர் மட்டும் இருக்கும் அறையில் வேலை செய்யப் பழகும் நமக்கு அவர் எழுத்து கட்டாயம் வேண்டும்.

சின்ன ஊர். நோயாளரைக் கோவிலிலும் சந்தையிலும் காண்கிறோம். என்ன செய்வது?

பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில், பள்ளிக்கூடக் கூட்டத்தில், கல்யாண வீட்டில் கட்டாயம் காண்பீர்கள். சிகிச்சை தொடங்கும்போதே அதைப் பேசிவிடுங்கள்: 'வெளியில் கண்டால் நானாக வந்து பேச மாட்டேன். நீங்கள் தலையசைத்தால் நானும் தலையசைப்பேன்.' அடுத்த அமர்வில் அந்தச் சந்திப்பைப் பற்றி அவர் பேச விரும்புகிறாரா என்று பாருங்கள். உங்களை உங்கள் பிள்ளையோடு கண்டது அவருக்குள் நிறையக் கிளறியிருக்கக்கூடும்.

உறவினர், அயலவர், உங்கள் பிள்ளையின் ஆசிரியர் ஆகியோரைச் சிகிச்சைக்கு எடுக்காதீர்கள். இங்கே சங்கடம் வரும்; 'நம்ம பிள்ளைதானே, நீ பார்க்காமல் வேறு யார் பார்ப்பது' என்பார்கள். இன்னொருவரிடம் அனுப்புவதற்கான பட்டியல் ஒன்றை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள்.

உறவுமுறை சொல்லி அழைப்பது இன்னொரு பக்கம். உங்களை அக்கா, தம்பி, மிஸ், டொக்டர் என்று அழைப்பார்கள். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் டொக்டர் என்று அழைத்துவந்தவர் ஒருநாள் திடீரென அண்ணா என்றால், அந்த நாளைக் குறித்துவையுங்கள். உணர்வு இடமாற்றம் என்று, அதாவது பழைய உறவின் உணர்வுகளைச் சிகிச்சையாளர் மேல் வைப்பது என்று, வகுப்பில் படித்தது அந்தக் கணத்தில் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. மீனும் இளநீரும் கொண்டுவருவதும் அப்படியே. முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால் மனம் நோகும். கேள்வியில்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தால் கோபத்தை உங்களிடம் காட்ட அவருக்கு வழியில்லாமல் போகும். இதற்கு எல்லாருக்கும் பொதுவான விதி எழுத முடியாது. மேற்பார்வைக்குக் கொண்டுபோங்கள்.

கிளினிக்கில் ஒரு காலையில் எத்தனையோ பேர். 50 நிமிடம் ஒருவருக்கா? இது பணக்காரருக்கான சிகிச்சை இல்லையா?

1918இல் புடாபெஸ்டில் நடந்த மாநாட்டில் பிராய்டே இதைப் பேசினார்: ஏழைக்கு அறுவைச் சிகிச்சை பெற உரிமை இருப்பதுபோல மனத்துக்கான உதவியும் உரிமையாக வேண்டும், கட்டணமில்லா நிலையங்கள் வர வேண்டும் என்றார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் அத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. போரில் தோற்று, பஞ்சத்தில் கிடந்த நகரங்கள் அவை. ஆகவே வறுமையைக் காரணம் காட்டி இந்தச் சிகிச்சையை நம் மக்களுக்கு உரியதல்ல என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. கிண்ணியா மீனவரின் மனைவிக்கும் ஆழமான மனம் உண்டு.

அதே சமயம் முன்னுரிமைகளை நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பின்னர் அந்த விகிதம் பெருமளவு குறைந்ததற்கு முக்கிய காரணம், கொடிய பூச்சிகொல்லிகளுக்கு விதிக்கப்பட்ட தடைகள், உளச்சிகிச்சை அல்ல. சட்டமும் மருந்தும் சமூக சேவையும் செய்யும் வேலையை நாம் செய்யப் போவதில்லை. ஒரு மாவட்டத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு நோயாளரை நீண்டகாலம் பார்க்கும் சிலர் இருந்தாலே போதும். அவர்கள் அந்த மேசையில் கற்றுக்கொள்வது, பத்து நிமிடக் கிளினிக்கில் அவர்கள் கேட்கும் விதத்தையும் மாற்றும்.

இது பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. 2010இல் ஜொனதன் ஷெட்லர் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்து, இதன் பலன் மற்ற நல்ல சிகிச்சைகளுக்கு ஒப்பாக இருப்பதையும், சிகிச்சை முடிந்த பிறகும் முன்னேற்றம் தொடர்வதையும் எடுத்துக்காட்டினார். லண்டன் டாவிஸ்டொக் கிளினிக்கில், வேறு சிகிச்சைகளுக்கு இசையாத நாட்பட்ட மனச்சோர்வுள்ள 129 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வந்தன. 18 மாதச் சிகிச்சை முடிந்தவுடன், அதைப் பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதற்குப் பின் ஆண்டுகள் போகப் போகத்தான் வேறுபாடு விரிந்தது. ஒப்பிடப்பட்டது வழமையான பராமரிப்போடுதான், இன்னொரு உளச்சிகிச்சையோடு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்கு இதைவிடக் கூடுதலான ஆய்வுகள் இருக்கின்றன. இரண்டையும் பகையாக்கும் வாதங்களில் நேரம் செலவிடாதீர்கள்.

மேலைநாட்டுச் சரக்கு என்கிறார்களே?

1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அவர் பிராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவரோடு கருத்து மாறுபடவும் தயங்கவில்லை. நம் நாட்டு மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்தில் உருவேறி ஆடும் அடியார்களின் வாழ்க்கையை உளப்பகுப்பாய்வின் துணையோடு ஆராய்ந்தார். ஆக, இந்தச் சிந்தனை தெற்காசியாவுக்குள் வந்து ஒரு நூற்றாண்டாகிவிட்டது.

உங்கள் நோயாளர் உங்களிடம் வருமுன் கோவிலில் நூல் கட்டியிருப்பார், அல்லது பள்ளிவாசலில் ஓதிப் பார்த்திருப்பார். அதைப் பற்றி மரியாதையோடு கேளுங்கள். யார் சூனியம் வைத்ததாக அவர் நினைக்கிறார் என்ற விபரத்திலேயே அவருடைய குடும்பத்தின் சண்டை முழுதும் இருக்கும்.

பயிற்றுநர் வரும்வரை நாங்களே எதையாவது தொடங்கலாமா?

தொடங்கலாம். பாலிந்த் குழுவைத் தொடங்குங்கள். 1950களில் லண்டனில் மைக்கேல் பாலிந்த் குடும்ப வைத்தியர்களுக்காக உருவாக்கியது. எட்டு முதல் பத்துப் பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். ஒருவர் தன்னைத் தொந்தரவு செய்யும் ஒரு நோயாளரைப் பற்றிக் குறிப்புகளைப் பார்க்காமல் சொல்வார். சில நிமிடம் விளக்கக் கேள்விகள். பிறகு அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு பேசாமல் கேட்க வேண்டும். மற்றவர்கள் அந்த நோயாளர் என்ன உணர்ந்திருப்பார், இந்த வைத்தியர் என்ன உணர்ந்திருப்பார் என்று பேசுவார்கள். மருந்து மாற்றச் சொல்வதும் அறிவுரையும் கூடாது. பிரித்தானியாவில் மனநல மருத்துவப் பயிற்சியிலும் இத்தகைய கலந்துரையாடல் குழு கட்டாயப் பகுதி.

இங்கே ஒரு தடை வரும். வைத்தியரும் தாதியும் ஒரே குழுவில் இருந்தால் தாதி வாய் திறக்க மாட்டார். பதவி வரிசை அவ்வளவு கனமானது. முதல் ஆண்டில் சமநிலையில் உள்ளவர்களைச் சேர்த்து நடத்துவது நல்லது. ஆனால் நான் கண்டவரையில், நோயாளரைப் பற்றி அதிகம் அறிந்தவர் பெரும்பாலும் வார்டில் இரவு நின்ற தாதிதான். அவரை நெடுநாள் வெளியே நிறுத்தாதீர்கள்.

குழந்தை அவதானிப்பு என்று ஒரு பாடம் இருக்கிறதாமே?

1948இல் டாவிஸ்டொக்கில் எஸ்தர் பிக் தொடங்கியது. ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை, வாரத்துக்கு ஒரு மணி நேரம் அந்த வீட்டுக்குப் போய் வெறுமனே பார்க்க வேண்டும். குறிப்பெடுக்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. வீடு திரும்பியபின் எழுதி, குழுவில் வாசிக்க வேண்டும். நம் வீடுகளில் இது எளிதல்ல. பெற்றோரிடம் பிறப்பதற்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். முப்பத்தொன்று கழியும்வரை, முஸ்லிம் வீடுகளில் நாற்பது கழியும்வரை, வெளியாள் வந்துபோவதை விரும்ப மாட்டார்கள். பிறகு போனாலும் அம்மம்மா பிள்ளையை உங்கள் மடியில் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவார். பரவாயில்லை. பேச்சு வராத ஓர் உயிர் தன் பயத்தை எப்படி உடம்பால் சொல்கிறது என்பதை இதைவிட நன்றாக வேறெங்கும் கற்க முடியாது.

அமர்வுக் குறிப்புகளை எந்த மொழியில், எங்கே வைப்பது?

தமிழில், அவர் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பைத் தனியாகச் செய்யுங்கள்.

நோயாளர் கையில் கொண்டுபோகும் கிளினிக் கொப்பியில் அமர்வின் விபரம் ஒரு வரிகூட வேண்டாம். வீட்டில் எல்லாரும் வாசிப்பார்கள். மேற்பார்வைக்கான குறிப்பில் பெயர், ஊர், தொழில் மாற்றப்பட வேண்டும். ஒருவரை அடையாளம் காண இங்கே 'வெருகலில் தையல் கடை வைத்திருப்பவர்' என்ற ஒரு வரி போதும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

வேறு சமூகத்தைச் சேர்ந்த நோயாளரைப் பார்க்கலாமா?

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாய் வாழும் மாவட்டம் இது, பார்க்கத்தான் வேண்டும். தமிழ்ச் சிகிச்சையாளர் முன்னால் உட்காரும் மூதூர் முஸ்லிம் பெண், தமிழ் இயக்கத்தால் தன் குடும்பத்துக்கு நடந்ததை எப்படிச் சொல்வது என்று யோசிப்பார். கந்தளாயிலிருந்து வரும் இராணுவச் சிப்பாயின் மனைவி, உங்கள் பெயரைக் கேட்டதுமே உள்ளுக்குள் சுருங்கலாம். உங்களுக்கும் ஏதோ சுருங்கும். 'நாங்கள் எல்லாரையும் சமமாகப் பார்க்கிறோம்' என்று சொல்லி அதை மூடிவிடாதீர்கள். நேரம் வரும்போது நீங்களே திறக்கலாம்: 'இதை ஒரு தமிழரிடம் சொல்வது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம்.' பெரும்பாலும் அதற்குப் பின்தான் சிகிச்சை உண்மையில் தொடங்கும்.

மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரோடு இந்தச் சிகிச்சையைச் செய்ய முயலாமல், அந்த மொழி பேசும் சகாவிடம் அனுப்புங்கள்.

யாருக்கு இது பொருந்தாது?

கடும் உளப்பிணியின் உச்சத்தில் இருப்பவர், மதுவை விட முடியாமல் நாளாந்தம் போதையில் வருபவர், இப்போதும் வீட்டில் அடிபடுபவர் ஆகியோருக்கு முதலில் வேறு உதவி வேண்டும். அடிபடும் பெண்ணுக்குப் பாதுகாப்பு. மனக்காயத்தின் வேர் பிறகு. மருந்து எடுப்பவருக்கு இந்தச் சிகிச்சை தரலாம். மருந்தை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. தற்கொலை எண்ணம் இருந்தால் நேரடியாகக் கேளுங்கள், அன்றே மனநல மருத்துவருக்கு அறிவியுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ ஒவ்வொரு நோயாளருக்கும் முதல் அமர்விலேயே எழுதிக் கொடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் பெயர்ப்பலகை போடலாமா?

பயிற்சிச் சான்றிதழ் உங்களை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அந்தப் பெயர் இலங்கை மருத்துவச் சபையின் பதிவோடு தொடர்புடையது. நீங்கள் ஏற்கெனவே எந்தத் தொழிலில் பதிவு பெற்றிருக்கிறீர்களோ அந்தப் பெயரில், அந்தத் தொழிலின் எல்லைக்குள் இதைப் பயன்படுத்துங்கள்.

முதல் ஆண்டில் எத்தனை நோயாளரை எடுக்கலாம்?

ஒருவரை. மேற்பார்வையாளரோடு சேர்ந்து தெரிவுசெய்யுங்கள். வாரந்தோறும் வரக்கூடியவராக இருக்க வேண்டும். மூதூரிலிருந்து வருபவர் என்றால் கடைசி பஸ் எப்போது என்று பார்த்து நேரத்தை வையுங்கள். மழைக்காலத்தில், மார்கழி வெள்ளத்தில், நோன்பு மாதத்தில், கோவில் திருவிழா நாட்களில் என்ன செய்வது என்பதையும் தொடக்கத்திலேயே பேசுங்கள். நீங்கள் விடுமுறையில் போவதானால் நான்கு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் வராமல் விட்டால், அந்த 50 நிமிடமும் அறையிலேயே இருங்கள். வேறு ஆளை உள்ளே எடுக்காதீர்கள். 40ஆவது நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து நிற்கலாம். மிச்சமுள்ள பத்து நிமிடம் அவருடையது.